யார் முதலில், எது இறுதி: இணைய வணிக முறைமைகளும் மேலாளர் பொறுப்பும்

(திருவண்ணாமலையில் வணிகவியல், மேலாண்மை மாணவர்களும் ஊர் வணிகர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த வடிவம்)

இணைய வணிக முறைமை என்பது வாடிக்கையாளர் தம் கைபேசியில் காணும் திரை மட்டும் அன்று. திரைக்குப் பின்னால் பல பகுதிகள் இயங்குகின்றன. யாருக்கு எதை என்ன விலைக்குத் தரலாம் என்ற விதிகள் ஒரு பகுதி. கையிருப்பு எவ்வளவு, எது யாருக்குப் போனது என்ற பதிவேடு இன்னொன்று. பணம் வாங்கும் வழி தனி. ஓடிபி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் ஆகியவை செல்லும் வழி தனி. இவை அத்தனையையும் தாங்கும் சர்வர்களும் இணைப்புகளும் அடியில் இருக்கின்றன. இந்தப் பகுதிகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, எது எதைக் கேட்டு இயங்குகிறது, ஒன்று நின்றால் வேறு எவை நிற்கும் என்பதுதான் அம்முறைமையின் கட்டமைப்பு.

கட்டமைப்பு பொறியாளர்களின் வேலை என்று மேலாளர்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். இவ்வுரையின் கருத்து அதற்கு நேர்மாறானது. இணைய வணிகத்தில் தொழில்நுட்பத் தீர்மானங்களாகத் தோன்றுபவற்றில் முக்கியமானவை நிர்வாகத் தீர்மானங்களே. யாருக்கு முதலில் கிடைக்கும், எந்தப் பதிவு இறுதியானது, எது பழுதானாலும் எது நிற்கக் கூடாது ஆகிய மூன்றையும் மேலாளர் சொல்லியாக வேண்டும். அவர் சொல்லாமல் விட்டால் நிரல் எழுதுபவர் தமக்குத் தோன்றிய ஒன்றை வைத்துக்கொண்டு மேலே போய்விடுவார். அவர் வைத்துக்கொண்டது என்ன என்பது கூட்டம் வரும் நாளில்தான் தெரியவரும்.

கூட்டம் வரும் நாள் எப்படியிருக்கும் என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பும் ஊர் இது. ஆகவே எடுத்துக்காட்டுகளும் இயன்றவரை இங்கிருந்தே எடுக்கப்படுகின்றன.

1. சுமையைத் தீர்மானிப்பது விதி

கார்த்திகை தீபத் திருநாளில் அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபமும், மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபமும் ஏற்றப்படுகின்றன. ஊருக்கு வருவோர் பல லட்சம் பேர். கோயிலுக்குள் இருந்து காண்பதற்கான கட்டணச் சீட்டுகள் அண்மை ஆண்டுகளில் இணையவழியே வழங்கப்பட்டன. பரணி தீபத்துக்கு 500 ரூபாய்ச் சீட்டு 500. மகாதீபத்துக்கு 600 ரூபாய்ச் சீட்டு 100, 500 ரூபாய்ச் சீட்டு 1,000. இதுவே அறிவிக்கப்பட்ட அளவு. ஆதார் எண், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை கேட்கப்பட்டன. குறித்த நாளில் காலை 10 மணிக்கு விற்பனை திறக்கப்பட்டது.

மொத்தம் 1,600 சீட்டு. இவ்வளவை விற்பதற்குப் பெரிய கணினி எதுவும் தேவையில்லை. நடுத்தரமான ஒரு சர்வர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. சீட்டுக் கிடைக்கப்போகாத எல்லோருடைய கோரிக்கையையும் அதே நிமிடத்தில் வாங்கி, பார்த்து, இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டும். திரை வரத் தாமதமானால் மக்கள் பொறுப்பதில்லை. ஒருவர் பத்து முறை புதுப்பித்தால் சர்வருக்கு வந்து சேர்வது பத்துக் கோரிக்கை. முந்தியவருக்கே சீட்டு என்ற விதி இருக்கும்வரை 10 மணி அடித்ததும் எல்லோரும் ஒருசேர வருவதே அறிவுள்ள செயல். விதிதான் அவர்களை அப்படி வரச் சொல்கிறது.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை போன்ற சேவைச் சீட்டுகளுக்கு மின்னணுக் குலுக்கல் முறையை வைத்திருக்கிறது. பதிவு செய்வதற்கு அவகாசம் தரப்படுகிறது. அது முடிந்தபின் குலுக்கல் நடக்கிறது. தேர்வு பெற்றவர் மட்டும் பணம் கட்டுகிறார். கையிருப்பு அங்கும் சொற்பம்தான், விரும்புவோர் அங்கும் மிகப் பலர்தான். ஆனால் ஒரு நிமிட நெரிசல் அங்கே இல்லை, ஏனென்றால் முதல் நொடியில் வருபவருக்கு எந்த நன்மையும் இல்லை. பணம் வாங்கும் பகுதியும் தேர்வானவர்களை மட்டும் கையாண்டால் போதும். கட்டமைப்பே வேறாகிவிடுகிறது, அதற்குக் காரணம் சர்வர் அன்று, விதி.

குலுக்கலே எப்போதும் சிறந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குலுக்கலில் ஒருவரே பல பெயரில் பதிவு செய்வதைத் தடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். முடிவு தெரியும்வரை பக்தர் ரயிலுக்கோ அறைக்கோ பணம் கட்ட முடியாது. முந்தியவருக்குத் தரும் முறையோ வேகமான இணைப்பு உள்ளவருக்கும், கணினி மையத்தில் ஆள் வைத்துப் பதிவு செய்பவருக்கும் சாதகம். எது ஏற்கத்தக்கது என்பதை எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. அது நிர்வாகம் சொல்ல வேண்டியது. சர்வரை இரட்டிப்பாக்கும் செலவுத் தாள் மேசைக்கு வரும்போது, விதியை மாற்றினால் அந்தச் செலவு தேவைப்படுமா என்று கேட்கத் தெரிந்த மேலாளர் இந்தத் துறையில் பாதி கற்றவராகிறார்.

2. இறுதிப் பதிவு ஒன்றாக இருக்க வேண்டும்

இங்கு வந்திருக்கும் லாட்ஜ் உரிமையாளர்கள் அறிந்த சங்கடம் ஒன்று உண்டு. பௌர்ணமிக்கு முந்தைய நாள். மிஞ்சியிருப்பது ஓர் அறை. ஒரு புக்கிங் நிறுவனத்தின் வழியாக ஒருவர், மற்றொரு நிறுவனத்தின் வழியாக இன்னொருவர், தொலைபேசியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் என மூவருக்கும் அது உறுதியாகிவிடுகிறது. மூன்று இடத்திலும் ‘1 அறை காலி’ என்ற பதிவு இருந்தது. மூன்றும் உண்மைபோலவே நடந்துகொண்டன. பழி வரவேற்பு மேசையில் இருப்பவர்மேல் விழுகிறது. உண்மையில் எந்தப் பதிவு இறுதியானது என்று யாரும் தீர்மானித்திருக்கவில்லை.

இதற்கென ‘சேனல் மேனேஜர்’ என்ற சாஃப்ட்வேர் விற்கப்படுகிறது. எல்லா வழிகளிலும் வரும் பதிவுகளை ஒரே பேரேட்டில் சேர்த்து, ஓர் அறை போனதும் மற்ற இடங்களில் எண்ணிக்கையைக் குறைப்பது அதன் வேலை. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குறைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சாதாரண நாளில் ஐந்து நிமிடத் தாமதம் பொருட்டில்லை. தீபத்துக்கு முந்தைய வாரத்தில் அந்த ஐந்து நிமிடமே சண்டைக்குப் போதும். அப்போது கடைசி இரண்டு அறைகளை இணையத்திலிருந்து விலக்கி வைப்பது எளிய மருந்து. அதற்குச் சாஃப்ட்வேர் தேவையில்லை, துணிவு வேண்டும். சில ஆயிரம் ரூபாய் வருமானத்தை விட்டுக்கொடுக்க மனம் வர வேண்டும்.

ஆரணிப் பட்டு இதைவிட நுட்பமான கேள்வியை எழுப்புகிறது. புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைத்தறிச் சேலைகளில் நிறமும் கரையும் முந்தியும் சேர்ந்து ஒன்றுபோல் இன்னொன்று அமைவது அரிது. தொழிற்சாலைச் சட்டை என்றால் ‘அதே அளவில் 40 உள்ளது’ என்று பதிவேடு சொல்லும். ஒன்று தவறினால் மற்றொன்றை அனுப்பலாம். கைத்தறியில் கையிருப்பு எப்போதும் 1. கடைக்கு வந்த பெண்மணி சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கும் அதே நேரத்தில் கோலாலம்பூரில் ஒருவர் அதற்குப் பணம் கட்டலாம். ஆகவே இணையத்தில் விற்கும் பட்டுக் கடை இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். இணையத்தில் போடும் சேலையைக் கடைத் தட்டிலிருந்து எடுத்து வைத்துவிடலாம். அல்லது கடையில் பில் போடும் கணினியும் இணையக் கடையும் ஒரே பதிவேட்டைப் பார்க்கும்படி செய்யலாம். முதலாவதற்கு அலமாரி ஒன்று போதும். இரண்டாவதற்குப் பணமும், விற்பனையாளர் ஒவ்வொருவருக்கும் பயிற்சியும் வேண்டும். சிறு கடைக்கு அலமாரியே மேல் என்பது இவ்வுரையின் துணிபு.

ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது பொருள் யாருடையது என்பதும் இங்கே எழும் கேள்வி. ரயில் இருக்கை, தீபச் சீட்டு, சேலை எதுவானாலும் முறைமை அதைச் சில நிமிடம் அவருக்கென நிறுத்தி வைக்கிறது. ஐந்து நிமிடமா, பதினைந்து நிமிடமா என்பது நிரலில் ஓர் எண் மட்டுமே. மிகக் குறைந்தால் முதியவர் பாஸ்வேர்டு தட்டி முடிப்பதற்குள் சீட்டு போய்விடும். மிக நீண்டால் வாங்காமல் பிடித்து வைப்போர் பெருகுவர். பல நிறுவனங்களில் இந்த எண் என்ன என்று மேலாளருக்குத் தெரியாது. மென்பொருளை விற்றவர் வைத்த எண்ணே ஓடிக்கொண்டிருக்கும்.

3. பணத்துக்கு மூன்றாவது நிலை உண்டு

யூபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. 2025 ஆகஸ்டில் ஒரு மாதப் பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. மாட வீதியில் பூ விற்பவர் கையிலும் க்யூஆர் அட்டை இருக்கிறது. பணம் வருவது இவ்வளவு எளிதானபின் மேலாளர்கள் அதைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டனர்.

ஒரு பணப் பரிவர்த்தனையில் வாங்குபவரின் ஆப், அவருடைய வங்கி, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ, விற்பவரின் வங்கி, இடையில் பேமென்ட் கேட்வே, கடைசியில் விற்பவரின் சொந்த முறைமை எனப் பல கைகள் இருக்கின்றன. செய்தி ஒரு கையில் தாமதித்தால் மற்றவர்களுக்கு முடிவு தெரியாது. ஆகவே நிலைகள் இரண்டு அல்ல, மூன்று: வெற்றி, தோல்வி, இன்னும் தெரியவில்லை. வலைத்தளம் செய்து தருபவர்கள் முதல் இரண்டுக்கும் திரை அமைத்துவிடுவர். மூன்றாவதற்கு என்ன செய்வது என்று நிர்வாகம் எழுதித் தராவிட்டால் அதுவும் தோல்விக் கணக்கில் சேர்ந்துவிடும். வாடிக்கையாளர் மறுபடி பணம் கட்டுவார். ஒரு சீட்டுக்கு இரண்டு கட்டணம் போய்விடும். அல்லது பணம் போயிருக்கும், சீட்டு வேறொருவருக்குப் போயிருக்கும்.

இந்த நிலையை ஒழுங்குபடுத்த ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. யூபிஐ வழியே கடைக்குச் செலுத்தும்போது கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால் பரிவர்த்தனை நாளுக்குப் பிந்தைய 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வங்கிகளுக்கு இது போதுமான விதி. தீபத்துக்கு முந்தைய நாள் பணம் கட்டிவிட்டு நிற்கும் குடும்பத்துக்கு ஐந்து நாள் கழித்து வரும் பணத்தால் பயனில்லை. அதனால் முடிவு தெரியாத பரிவர்த்தனைக்கு உரிய சீட்டை எத்தனை நிமிடம் நிறுத்தி வைப்பது, பிறகு பணம் வந்துவிட்டால் சீட்டா, ரீஃபண்டா என்பதை விற்பவரே முன்கூட்டி அறிவித்துவிட வேண்டும்.

தொழில்நுட்பக் குழுவிடம் மேலாளர் கேட்டுப் பெற வேண்டியவை இரண்டு. ஒரே கோரிக்கை இருமுறை வந்தாலும் ஒருமுறையே நிறைவேற வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுப்பதால் இது முடியும். அடுத்தது, நாள்தோறும் மூன்று கணக்குகளைப் பொருத்திப் பார்ப்பது: நம் பதிவேட்டில் விற்றது, கேட்வே வாங்கியதாகச் சொல்வது, வங்கியில் வந்து சேர்ந்தது. இவை ஒருபோதும் தாமாக ஒத்துப்போவதில்லை. செட்டில்மெண்ட் மறுநாள் வரும், கமிஷன் கழிக்கப்படும், ரீஃபண்டு வேறொரு நாளின் தொகையில் கழியும். ஈகாமர்ஸ் நிறுவனத்தின் வழியாக விற்கும் ஆரணிக் கடைக்கு ஜிஎஸ்டி சட்டப்படி டிசிஎஸ் என்ற முன்வரிப் பிடித்தமும் உண்டு. 2024 ஜூலை முதல் அது 0.5 சதவீதம். இந்த வேலையை மாதக் கடைசிக்குத் தள்ளும் கடைகளில் வித்தியாசம் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பதற்கே கணக்கருக்கு ஒரு வாரம் போய்விடுகிறது.

4. மறுப்பதற்கும் ஏற்பாடு வேண்டும்

ரயில்வேயின் ஐஆர்சிடிசி நிறுவனம் தரும் இணையவழிப் பயணச்சீட்டு 2002 ஆகஸ்டில் தொடங்கியது. 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 சீட்டுகள் பதிவாயின. அம்முறைமையின் அதுவரையிலான உச்சம் அது. ஏசி வகுப்பில் அவசரப் பயணச்சீட்டான தட்கல் திறக்கும் நேரமும் காலை 10 மணிதான். அந்த வேகத்துக்குப் பிறகும் பயணிகளின் குறை தீரவில்லை. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்நுழைய முயன்றவற்றில் பாதிவரை தானியங்கி நிரல்கள் என்று ரயில்வே தெரிவித்தது. ஐயத்துக்குரிய இரண்டரைக் கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் உறுதிப்பாடு கட்டாயமானது. திறந்த முதல் அரை மணி நேரம் முகவர்கள் பதிவு செய்யக் கூடாது என்ற விதியும் வந்தது.

திறனைப் பெருக்கியது மட்டும் போலிக் கூட்டத்தைத் தடுக்கவில்லை என்பதே இதில் மேலாளர் பார்க்க வேண்டியது. அகலப்படுத்திய வாசல் வழியே முதலில் நுழைந்தவை கணினி நிரல்கள். கடைசியில் கைகொடுத்தது யாரை அனுமதிப்பது என்ற விதி.

2025 ஏப்ரல் 12 அன்று யூபிஐ பல மணி நேரம் தடுமாறியபோது வேறொரு வகைக் கூட்டம் வெளிப்பட்டது. அன்று முறைமையை அழுத்தியவற்றில் முதன்மையானது ‘அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று’ என்று வங்கிகள் ஓயாமல் அனுப்பிய நிலையறியும் கோரிக்கைகள் என்று என்பிசிஐ கண்டது. முந்தைய தலைப்பில் சொன்ன மூன்றாவது நிலையின் பக்கவிளைவு இது. பதில் வரத் தாமதிக்கிறது. எல்லோரும் மறுபடி கேட்கிறார்கள். கேட்பதால் மேலும் தாமதிக்கிறது. 2025 ஆகஸ்டு 1 முதல் நிலையறிய மூன்று முறைதான் கேட்கலாம், இடையில் 90 நொடி இருக்க வேண்டும், ஓர் ஆப்பில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் இருப்புத்தொகை பார்க்க முடியாது என்ற வரம்புகள் நடைமுறைக்கு வந்தன.

ஆகவே ஒரு முறைமையை ஒப்புக்கொள்ளும்போது ‘எத்தனை பேரைத் தாங்கும்’ என்பதோடு ‘அதற்கு மேல் வந்தால் என்ன செய்யும்’ என்றும் கேட்க வேண்டும். விடைகள் சில உண்டு. வருபவர்களை இணையக் காத்திருப்பு அறையில் நிறுத்தி வரிசை எண் காட்டலாம். படங்கள், அறிவிப்புகள் போன்றவற்றைக் குறைத்து முதன்மை வேலையை மட்டும் ஓட்டலாம். ‘இன்று முடிந்தது’ என்று உடனே சொல்லிவிடலாம். எல்லாவற்றிலும் மோசமான விடை திரை சுற்றிக்கொண்டே இருப்பது. திட்டமிடாத முறைமைகள் அனைத்தும் தரும் விடையும் அதுவே.

5. அலுவலகம் எப்படியோ முறைமையும் அப்படி

மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நிறுவனம் வடிவமைக்கும் முறைமை அந்நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் சாயலையே கொண்டிருக்கும் என்று வாதிட்டார். பிற்காலத்தில் இது கான்வே விதி என்றே அழைக்கப்பட்டது. மேலாண்மை மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கணினியியல் கருத்து வேறில்லை.

இதற்கோர் எடுத்துக்காட்டு. 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான வலைத்தளத்தைத் திறந்தது. முதல் நாளில் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் ஆறு பேர். 55 ஒப்பந்த நிறுவனங்கள் வேலை செய்திருந்தன; பகுதிகளை ஒன்றிணைக்கும் பொறுப்பு தனியே எந்த நிறுவனத்துக்கும் தரப்படவில்லை. முழு முறைமையையும் ஒருசேரச் சோதிப்பது திறப்புக்கு இரண்டு வாரம் முன்புதான் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டங்களின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே எல்லோரும் கணக்குத் தொடங்க வேண்டும் என்ற தீர்மானம் கடைசி வாரங்களில் வந்தது. சும்மா பார்த்துப் போக வந்தவரும் அடையாளம் சரிபார்க்கும் பகுதியின் வழியே போக வேண்டியதாயிற்று. அப்பகுதி அடைத்துக்கொண்டது. பின்னர் பொது ஒப்பந்ததாரராக ஒரு நிறுவனத்தை நியமித்து, நாள்தோறும் கூட்டம் வைத்து, பழுதுகளை வரிசைப்படுத்திச் சரிசெய்தபின் இரண்டு மாதத்தில் தளம் ஓரளவு ஓடத் தொடங்கியது. சீர்செய்ததில் பெரும்பகுதி யார் யாரிடம் பதில் சொல்வது என்பதை ஒழுங்குபடுத்தியதே.

சிறிய அளவிலும் இது உண்மை. ஒரு துணிக்கடையில் இணைய விற்பனையை மகன் பார்க்கிறார், கடை விற்பனையைத் தந்தை பார்க்கிறார், கணக்கைப் பகுதிநேரக் கணக்கர் பார்க்கிறார் என்றால் அங்கே மூன்று கையிருப்புப் பட்டியல்கள் இருக்கும். எந்தச் சாஃப்ட்வேர் வாங்கினாலும் மூன்றும் மூன்றாகவே நிற்கும், வாரம் ஒருமுறை மூவரும் உட்கார்ந்து பேசாதவரை.

6. வாடகைக்கு எடுத்தவை

இன்று பெரும்பாலான நிறுவனங்கள் சர்வரைச் சொந்தமாக வாங்குவதில்லை. கிளவுடில் வாடகைக்கு எடுக்கின்றன. அமேசானின் கிளவுட் மையங்கள் மும்பையில் 2016இலும் ஹைதராபாத்தில் 2022இலும் வந்தன. கூட்டம் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வரும் ஊருக்கு வாடகை முறை பொருந்தும். பௌர்ணமி ஆண்டுக்கு 12 அல்லது 13 முறைதான். தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. கூட்டத்தைக் கண்டு தானாகச் சர்வர் பெருகும் வசதியை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் உண்டு. பெருகுவதற்குச் சில நிமிடம் ஆகும். 10 மணி நெரிசலோ நொடிகளில் வருகிறது. அதனால் முந்தைய நாளே கூட்டி வைத்து, முடிந்ததும் குறைப்பது நல்லது. குறைக்க மறந்த சர்வர்களுக்கு மாதக் கடைசியில் பில் வரும்.

வாடகைப் பொருளில் மேலாளர் கவனிக்க வேண்டியது உரிமை. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. தளம் செய்து கொடுத்தவர் பெயரிலோ உறவுக்காரப் பையனின் மின்னஞ்சலிலோ அது இருக்கும். வாடிக்கையாளர் பட்டியலை முழுதாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா, நிரலின் மூலவடிவம் யாருக்கு உரியது, ஒப்பந்தம் முறிந்தால் எத்தனை நாள் அவகாசம் என்பவை கையெழுத்துக்கு முன் தீர வேண்டியவை. கூடவே இரண்டு எண்களை நிர்வாகம் சொல்ல வேண்டும். பழுதானால் எவ்வளவு நேரம் நிற்கலாம்? எத்தனை நிமிடப் பதிவுகளை இழக்கலாம்? ஒரு மணி நேரப் பதிவு போனாலும் பரவாயில்லை என்பதற்கும் ஒன்றும் போகக் கூடாது என்பதற்கும் செலவில் பல மடங்கு வேறுபாடு உண்டு. ‘எதுவும் போகக் கூடாது, செலவும் கூடக் கூடாது’ என்பது பதில் ஆகாது.

சேர்த்து வைக்கும் விவரங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி வரவேற்பு மேசைக் கணினியில் போட்டு வைக்கும் வழக்கத்தை இந்த ஊர் விடுதிகள் விரைவில் கைவிட வேண்டியிருக்கும். தேவையற்ற விவரத்தைக் கேட்காமல் இருப்பதே மலிவான பாதுகாப்பு.

7. இணைப்பு அறும் நேரம்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கப்பட்டது. பல விமானங்கள் தாமதமாயின, சில ரத்தாயின, ஆனால் மற்றவை புறப்பட்டன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மறைந்தபோது நிலைமை வேறு. ஊழியர்களின் நுழைவு அட்டைகளும் உள்தொடர்பும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால், பழுதைச் சரிசெய்யப் போனவர்களுக்கே தடை ஏற்பட்டது. முதலாவதில் மாற்று வழி முறைமைக்கு வெளியே இருந்தது. இரண்டாவதில் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

தீப நாளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். லட்சக்கணக்கான கைபேசிகள் ஒரே இரவில் ஓர் ஊரில் குவியும்போது செல்போன் கோபுரங்களின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. நுழைவு வாயிலில் க்யூஆர் சீட்டைச் சரிபார்க்கும் கருவி ஒவ்வொரு முறையும் தொலைவிலுள்ள சர்வரைக் கேட்கும்படி அமைந்தால், இணைப்பு நலியும் நேரத்தில் வாயில் நின்றுவிடும். வாயில் நின்றால் நெரிசல், நெரிசல் என்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே செல்லுபடியாகும் சீட்டுகளின் பட்டியல் காலையிலேயே கருவிக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒரே சீட்டு இரண்டு வாயில்களில் காட்டப்படும் அபாயம் அப்போது வருகிறது. சீட்டிலேயே வாயில் எண்ணை அச்சிட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு வாயில் என்று ஆக்கினால் அது தீரும். பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று வாயில் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும்.

கைபேசி இல்லாதவரும் கட்டமைப்பின் உள்ளே சேர்ந்தவரே. பொது வரிசையில் நின்று கட்டணமின்றித் தரிசிப்பவர்களே பெரும்பான்மை. ஜவ்வாது மலையிலிருந்து தேனும் சாமையும் கொண்டு வருபவருக்கும் சாதாரண கைபேசிதான் இருக்கலாம். அத்தகைய கைபேசிகளுக்கென 2022இல் வந்த யூபிஐ 123பே ஒரு வழி. ரொக்கம் வாங்கும் கவுன்ட்டர் இன்னொரு வழி. இணையம் வந்ததும் கவுன்ட்டரை மூடுவது சிக்கனமாகத் தோன்றும். இணையம் நின்ற நேரத்தில் கையால் சீட்டு எழுதத் தெரிந்த பணியாளர் அங்கே இருந்தால் வேலை ஓடும், இல்லாவிட்டால் ஓடாது.

மாற்று வழிக்குப் போவதற்கு ஆணையிடுபவர் யார் என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எத்தனை நிமிடம் காத்திருந்து தாளுக்கு மாறுவது, தாள் சீட்டுகளுக்குத் தனி எண்வரிசை எங்கிருந்து தொடங்குவது, இணைப்பு திரும்பியதும் அவற்றைப் பதிவேட்டில் யார் ஏற்றுவது, ஏற்றி முடியும்வரை இணைய விற்பனையைத் திறக்காமல் வைப்பது யார் பொறுப்பு என்பவை ஒரு பக்கத்தில் அடங்கும். அந்தப் பக்கத்தை எழுதுபவர் மேலாளர். ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட்டமில்லாத ஒரு நாளில் சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, பணியாளர்கள் அதன்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதும் அவர் வேலையே.